சைடு ஸ்டாண்டு: 'இது கரிஸ்மாவே இல்லடா!' - 20 வருஷ மஞ்சள் வண்டியும், ஒரு புது இன்ஜினும்

ஆயுத பூஜைக்கு லீவு கிடைத்ததும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவின் அண்ணன் வீடு. காலை ஆறு மணிக்கே வாசலில் பக்கெட் சத்தம். எட்டிப் பார்த்தால், மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் வண்டி இன்ஜினின் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் நாலு காலி. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக்கூட இவ்வளவு பொறுமையாகத் தலைக்கு ஊற்றியது கிடையாது.

வண்டி, ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. மஞ்சள் கலர். 2003 நவம்பரில் எடுத்தது. அப்போது எனக்கு நாலு வயசு. அத்தையின் செயினை அடகு வைத்துத்தான் முன்பணம் கட்டினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நான் காலேஜ் படிக்கும்போது கியர் வண்டி கற்றுக்கொண்டதும் இதில்தான். கால் முழுசாகத் தரையில் எட்டாமல் ஒருமுறை ரவுண்டு ரோட்டில் அப்படியே சாய்த்துவிட்டேன். மாமா ஓடி வந்து முதலில் பார்த்தது பெட்ரோல் டேங்க்கை. அப்புறம்தான் என் முட்டியை.

சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நேரம் பார்த்து மாமா பையன் வந்தான். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷம். என்னை வேண்டுமென்றே 'மதினி' என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவது அவன் பொழுதுபோக்கு.

"மதினி, இதைப் பாருங்க" என்று போனை நீட்டினான். அதிலும் ஒரு மஞ்சள் வண்டி. அதிலும் கரிஸ்மா என்றுதான் எழுதியிருக்கிறது. முழுக்க ஃபேரிங் மூடி, கூர்மையான மூக்கு, பின்னால் தூக்கிய வால். கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர்.

மாமா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு செகண்ட் பார்த்தார். "இது கரிஸ்மாவே இல்லடா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மூணு வாரம் ஓடியது.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பைக் நிபுணர் எல்லாம் இல்லை. ஓட்டப் பிடிக்கும், ஓட்டுபவர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். ஆனால் இந்தச் சண்டையில் வெறும் பார்வையாளராக இருக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது. மாமா வண்டியின் ஆர்.சி இந்த நவம்பரோடு முடிகிறது. முதல் 15 வருஷம் 2018-ல் முடிந்தது. அப்போது ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தார். இப்போது மறுபடி புதுப்பிக்க வேண்டும், அல்லது தள்ளிவிட்டு மகனுக்குப் புது வண்டி எடுத்துத்தர வேண்டும். ரெண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. போனில் அந்த மஞ்சள் போட்டோவை அவன் நீட்டியது சும்மா இல்லை என்பது மாமாவுக்கும் தெரியும்.

ஒரு பேர், எத்தனை வண்டி?

கொஞ்சம் பழைய கதை. கரிஸ்மா வந்த 2003-ல் நம் ரோட்டில் ஓடிய பெரும்பாலான வண்டிகள் 100 சிசி. அதில் 223 சிசி என்பது பெரிய விஷயம். அந்த இன்ஜின் ஹோண்டாவின் சி.ஆர்.எஃப் 230 என்ற மண்ரோட்டு பைக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றில் குளிரும் இன்ஜின், ரெண்டே வால்வு, ஐந்து கியர், 17 குதிரைத்திறன். விளம்பரத்தில் ஹிருத்திக் ரோஷன். போதாதா?

2009-ல் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனோடு இசட்.எம்.ஆர் வந்தது. அடுத்த வருஷக் கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தார்கள். 2014-ல் அமெரிக்காவின் எரிக் பியூல் ரேஸிங் நிறுவனத்தோடு சேர்ந்து கரிஸ்மாவுக்குப் புது முகம் கொடுத்தது ஹீரோ. அந்த முகத்தைப் பற்றி ரசிகர்களிடம் கேட்காதீர்கள். மாமாவின் நண்பர் ஒருவர் இன்றைக்கும் அதை 'அம்மை போட்ட கரிஸ்மா' என்றுதான் சொல்கிறார். அதே வருஷம் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் எச்.எக்ஸ் 250 ஆர் என்று ஒரு 250 சிசி வண்டியைக் காட்டி ஆசையைக் கிளப்பினார்கள். 2015 ஏப்ரலில் எரிக் பியூல் திவாலானது. 250 கடைக்கே வரவில்லை. 2020-ல் பிஎஸ்6 விதி வந்தபோது கரிஸ்மா என்ற பேரே விலைப்பட்டியலில் இல்லை.

அதனால்தான் 2023 ஆகஸ்ட் 29-ம் தேதி எக்ஸ்.எம்.ஆர் அறிமுகமானபோது பழைய ஆட்களுக்கு ஒரு படபடப்பு. அதே ஹிருத்திக் ரோஷன், அதே மஞ்சள். அப்போது அறிமுக விலை 1,72,900 ரூபாய், 2023 அக்டோபர் 1 முதல் 1,79,900 ஆக இருந்தது. எக்ஸ் ஷோரூம் விலை இது. ரோட்டுக்கு வரும்போது எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு சாலை வரியை 8 சதவிகிதத்திலிருந்து 12 ஆக்கி, 2023 நவம்பர் 9 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. இந்த வண்டிக்கு மட்டும் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய் கூடுதல். தீபாவளிக்கு மூணு நாள் முன்னால்! புக் பண்ணிவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

கிணறும் வாளியும்

மாமாவின் செட் மொத்தம் நாலு பேர். எல்லோரும் 2003-லிருந்து 2006-க்குள் கரிஸ்மா எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சிறுமலை, மழை இல்லாவிட்டால் வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல். ஒருவர் பூட்டுக்கடை. இன்னொருவர் பி.டி சார். மூன்றாமவர் கூட்டுறவு வங்கி வேலை.

இவர்களில் பூட்டுக்கடைக்காரர் புது வண்டியைத் தொடவே மறுத்துவிட்டார். "ஹோண்டா இன்ஜின் இல்லாம என்னய்யா கரிஸ்மா? பேரை மட்டும் எடுத்து ஒட்டுனா ஆச்சா?" என்கிறார். திண்டுக்கல் பூட்டு வியாபாரிக்கு ஒட்டுப் பேர் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஹோண்டா கிளம்பிப்போனபோது ஹீரோவிடம் சொந்தமாக இந்த அளவு இன்ஜின் எதுவும் இல்லை. 2016-ல் ஜெய்ப்பூரில் ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். இப்போது வந்திருப்பது அவர்கள் விற்கும் முதல் லிக்விட் கூல்டு இன்ஜின். கடன் வாங்கிய இன்ஜினில் பேர் வாங்கிய வண்டிக்கு, 20 வருஷம் கழித்து சொந்த இன்ஜின் கிடைத்திருக்கிறது. இதில் எது 'ஒரிஜினல்'?

மாமாவின் வாதம் வேறு. அவருக்கு கம்பெனி பிரச்னை இல்லை. அவர் கேட்டது, "223-ஐ 210 ஆக்கிட்டு, பவர் கூடிருச்சுங்கிறான். எப்படி?"

இந்தக் கேள்விக்கு மாமா பையன் நோட்டில் வரைந்தே காட்டினான். அவன் சொன்னது மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். கடைசியில் அத்தை கிணற்றடியில் நிற்கும்போது எனக்கே ஒரு உதாரணம் தோன்றியது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். வாளி எவ்வளவு பெரிது என்பது ஒன்று. நிமிஷத்துக்கு எத்தனை தடவை இறைக்கிறோம் என்பது இன்னொன்று. ரெண்டையும் பெருக்கினால்தான் தொட்டி நிறையும் வேகம். இன்ஜினில் வாளிதான் டார்க், இறைக்கும் வேகம்தான் ஆர்.பி.எம், தொட்டி நிறைவதுதான் குதிரைத்திறன். பழைய கரிஸ்மாவின் வாளி 18.35 நியூட்டன் மீட்டர். புதுசு 20.4. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழையது 7,000 ஆர்.பி.எம்-மில் தன் முழு பவரான 17 குதிரைத்திறனைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கும். புதுசு 9,250 வரை இறைத்துக்கொண்டே போகிறது. அங்கே 25.5. கணக்குப் போட்டால் பழையதைவிட சரியாக ஒன்றரை மடங்கு.

அவ்வளவு வேகமாக இறைக்கக் கை வலுவாக இருக்க வேண்டுமே? அதற்குத்தான் நாலு வால்வு, ரெண்டு கேம்ஷாஃப்ட். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹாலுக்கு உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர ஒரு கதவு இருந்தால் பந்தி மாற எவ்வளவு நேரமாகும்? ரெண்டு ரெண்டாக வைத்தால் சட்டென மாறும். பெட்ரோலும் காற்றும் உள்ளே, புகை வெளியே. பந்தி வேகமாக மாறினால் சமையல்கட்டு சூடாகும். அதனால் ரேடியேட்டரும் கூலன்ட்டும். பழைய வண்டியில் மாமா டூத் பிரஷ் போட்டுத் தேய்த்த அந்த இடுக்குகள்தான், வெறும் காற்றை வைத்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

இதை நான் விளக்கி முடித்ததும் மாமா சொன்னார்: "சரி பாப்பா. அப்ப தண்ணி வேணும்னா வேகமா இறைச்சுக்கிட்டே இருக்கணும். என் வண்டியில மெதுவா இறைச்சாலும் வரும்ல?"

அடடா. மூணு வாரச் சண்டையின் சாரமே இதுதான். மாமா டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே, கியர் மாற்றாமல், ஆக்சிலரேட்டரைத் திருகி லாரியைத் தாண்டுவார். அவருக்கு அதுதான் கரிஸ்மா. ஆறாவது கியர், 9,250 ஆர்.பி.எம் எல்லாம் அவருக்குத் தேவைப்படாத சாமான்.

அவர் மகனின் கோபமோ எதிர்த் திசையில்! "இவ்வளவு செஞ்சவங்க முன்னாடி யூ.எஸ்.டி ஃபோர்க் குடுக்கலையே மதினி" என்று புலம்புகிறான். தலைகீழாகப் பொருத்திய அந்தத் தங்கக்கலர் ஃபோர்க், யமஹா ஆர்15-ல் இருக்கிறது. 2023-ல் இதில் இருந்தது சாதாரண ஃபோர்க்தான். ஆர்15-ன் இன்ஜின் 155 சிசி, 18.4 குதிரைத்திறன், பவரில் இது எங்கேயோ இருக்கிறது. ஆனால் காலேஜ் பார்க்கிங்கில் பவரா தெரியும்? ஃபோர்க்தான் தெரியும். அப்பாவுக்கு இந்த வண்டி ரொம்பப் புதுசு, மகனுக்கு இது போதுமான அளவு புதுசு இல்லை. ரெண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் திட்டுகிறார்கள்.

பேகம்பூர் பக்கம் மாமாவின் ஆஸ்தான மெக்கானிக் பாயிடமும் கேட்டேன். 20 வருஷமாக அந்த மஞ்சள் வண்டியைத் தொடுவது அவர் ஒருவர்தான். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றி மாட்டுவார். "புது இன்ஜினை நான் குறை சொல்ல மாட்டேம்மா. காலையில சோக் இழுக்க வேண்டாம், மைலேஜுக்கு ஊசி திருக வேண்டாம். ஆனா ஏதாச்சும்னா ஸ்கேனர் போட்டுத்தான் பாக்கணும். ஸ்பேனரை வச்சுக்கிட்டு நான் நிக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்ச நேரம் போகவில்லை.

சிறுமலையில் ஒரு ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின வாரம் திரும்பவும் திண்டுக்கல் போனேன். காரணம், பி.டி சார் யாரிடமும் சொல்லாமல் எக்ஸ்.எம்.ஆர் எடுத்துவிட்டார்! அதுவும் மஞ்சள். செட்டுக்குள் இது துரோகமாகவே பார்க்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நத்தம் ரோட்டில் இருந்து சிறுமலைக்குப் பிரியும் இடத்தில், டீக்கடை வாசலில் ரெண்டு மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பழையது, ஷூ போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிய ஆள் மாதிரி நிமிர்ந்து, அகலமாக, நிதானமாக நிற்கிறது. புதுசு, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருக்கிற பையன். அழகா என்று கேட்டால், முன்பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. காற்றுத்தடுப்புக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பது இந்த விலையில் பெரிய சங்கதி. பின்சீட்தான் ரெண்டாகப் பிரித்து மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். அத்தை அதைப் பின்னாடி பார்த்துவிட்டு, "ஏறுறதுக்கு ஏணி தனியா வாங்கணுமா?" என்று கேட்டது இங்கே பதிவு செய்யப்படுகிறது.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். முந்தின ராத்திரி நல்ல மழை. ரோட்டில் அங்கங்கே ஈர இலை. ஏறும்போது நான் பழையதை ஓட்டினேன். மாமா சொல்வதில் பொய்யே இல்லை. மூணாவது கியரில் போட்டுவிட்டால் வளைவுக்கு வளைவு அதுவாக இழுத்துக்கொண்டு போகிறது. இன்ஜின் சத்தம் பக்கத்து வீட்டு மாவரைக்கும் கிரைண்டர் போல ஒரே தாளம். காலில் சூடு, கையில் நடுக்கம், மனசில் ஏனோ பத்தொன்பது வயசு.

மேலே வியூ பாயின்ட்டில் வண்டி மாற்றினோம். பி.டி சார் தயங்காமல் சாவியைக் கொடுத்தார். அங்கே நின்றிருந்த ஒருவர், "ஏன் சார், பொம்பளப் புள்ளகிட்ட புது வண்டியையா" என்று கேட்டதற்கு பி.டி சார் சொன்ன பதிலைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. இந்த வாரம் எனக்குக் கிடைத்த சிறந்த தீபாவளிப் பரிசு அது.

புது வண்டியை மலை மேல் இருக்கும் சமரோட்டில் முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஐயாயிரம் ஆர்.பி.எம் வரை சாதுவான பிள்ளை. மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் மாமாவின் வண்டி தருகிற அந்த 'நான் பார்த்துக்கறேன், நீ உட்காரு' என்ற தைரியம் இல்லை. அதற்கு மேல் போனால் குணமே வேறு. முள் ஏற ஏற ஆள் மாறுகிறது. எனக்கு வயிற்றுக்குள் ஒரு பட்டாம்பூச்சி. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தது யாருக்கும் தெரியாது. கிளட்ச் விரல் பட்டாலே இறங்குகிறது. பழையதில் கொடைக்கானல் போய்வந்தால் எனக்கு இடது கை ரெண்டு நாள் வலிக்கும்.

இறங்கும்போதுதான் அது நடந்தது.

முன்னால் மாமா பையன் பழைய கரிஸ்மாவில். பின்னால் கொஞ்சம் தள்ளி நான் புதுசில். வேகம் ரெண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டாது. ஒரு வளைவில் எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி, வளைவின் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். பழைய கரிஸ்மாவில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஈர இலையில் பின்சக்கரம் சுழல்வது சட்டென நின்றது. நின்ற சக்கரம் வழுக்கியது. வண்டியின் வால் ஒரு அடி, ஒன்றரை அடி இடது பக்கம் போய், அந்தப் பக்கம் தடுப்புச்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அவன் காலை ஊன்றினான். எப்படியோ நிமிர்ந்துவிட்டது.

இதைப் பார்த்த பதற்றத்தில் நானும் ரெண்டு பிரேக்கையும் மொத்தமாகப் பிடித்துவிட்டேன். அதே வளைவு. அதே ஈர இலை. எனக்கு நடந்தது என்ன தெரியுமா? காலுக்கடியில் பெடல் டுர்ரென்று துடித்தது. வண்டி நேராக நின்றது. அவ்வளவுதான். ரெண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததுமே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. நான் எதையும் சாமர்த்தியமாகச் செய்யவில்லை. பயந்து கையைக் காலை இறுக்கினேன், அவ்வளவுதான் என் பங்கு.

மூணு வாரமாக குதிரைத்திறன், ஃபோர்க், ஹோண்டா, ஹிருத்திக் என்று எவ்வளவோ பேசினோம். இதை மட்டும் ஒருத்தர்கூடப் பேசவில்லை. இப்போதெல்லாம் 125 சிசிக்கு மேலான எல்லா வண்டியிலும் ஏ.பி.எஸ் கட்டாயம் என்பதால், அது பெருமை பேசுகிற விஷயமாகவே இல்லாமல் போய்விட்டது. பழைய மாடலைக் கொண்டாடும்போது, அதோடு சேர்ந்து பின்னால் இருக்கும் டிரம் பிரேக்கையும் கொண்டாடுகிறோம் என்பது எனக்கே அந்த வளைவில்தான் உறைத்தது.

கீழே டீக்கடைக்கு வந்து சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா பின்னால் பூட்டுக்கடைக்காரர் வண்டியில் வந்ததால் பாதியைப் பார்த்திருந்தார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பி.டி சாரிடம் போய், "அந்தச் சாவியை ஒரு நிமிஷம் குடுப்பா" என்றார்.

நத்தம் ரோட்டில் கிளம்பினார். ஐந்து நிமிஷம் ஆச்சு. பத்து ஆச்சு. பூட்டுக்கடைக்காரர், "பெட்ரோல் தீர்ந்துபோச்சு போல, 11 லிட்டர் டேங்க்தானே" என்று நக்கல் அடித்தார். பழையதில் 15 லிட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 140 கிலோமீட்டர் குறைகிறது. ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு இது நியாயமான வருத்தம். இருபது நிமிஷம் கழித்து மாமா வந்தார். சாவியைக் கொடுத்தார். ஒரு டீ சொன்னார். டீயைப் பாதி குடித்த பிறகு, "காத்து மேல படல. அந்தக் கண்ணாடி நல்லாருக்கு" என்றார்.

இன்ஜின் எப்படி என்று நான் கேட்டேன்.

"ஓடுது" என்றார். எங்கள் மாமா அகராதியில் அது பெரிய பாராட்டு. அத்தை வைக்கும் மீன் குழம்புக்கே 'பரவால்ல' என்பவர்.

அத்தை சொன்ன தீர்ப்பு

விஷயம் அன்று ராத்திரியே அத்தைக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: "மூணு வாரமா ஓடுறதைப் பத்தியே பேசுறீங்களே, நிக்கிறதைப் பத்தி எவனாச்சும் பேசுனீங்களா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தையே முடிவு சொன்னார். மஞ்சள் வண்டியை விற்க வேண்டாம். அது தன் செயினில் வந்தது, அதன் மேல் தனக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் பையன் அதை எடுத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது. அவனுக்கு வண்டி வாங்கினால் ஏ.பி.எஸ் இருக்கிற வண்டிதான், அது கரிஸ்மாவோ கத்திரிக்காயோ. இப்போது வாங்க முடியாது. மாசாமாசம் போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி போடலாம், படிப்பு முடிவதற்குள் முன்பணமாவது சேரும்.

"அதுக்குள்ள யூ.எஸ்.டி ஃபோர்க் வந்துரும்" என்று அவன் முணுமுணுத்தான். அத்தை கரண்டியைத் தூக்கியதும் அடங்கினான்.

ஆர்.சி புதுப்பிக்க மாமாவோடு நானும் ஆர்.டி.ஓ ஆபீஸ் போனேன். 15 வருஷம் தாண்டிய டூவீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 2023-ல் ஆயிரம் ரூபாயாக இருந்தது, கிரீன் டாக்ஸ் தனி. முந்தின நாள் பாய் பின்பிரேக்குக்குப் புது ஷூ மாற்றி, டயரும் புதுசாகப் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் சரி என்று நினைத்து வரிசையில் நின்றபோது பார்க்கிறோம், பிரேக் லைட் எரியவில்லை. மாமா பையன்தான் ஓடிப்போய் பல்பு வாங்கி வந்தான். குனிந்து மாட்டும்போது இன்ஜின் இடுக்கில் கொஞ்சம் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மாமா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, அவனுக்குக் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, என்னிடம் சொன்னார்: "அந்தப் புதுசுக்கு டேங்க் மட்டும் 15 லிட்டர் வச்சிருக்கலாம் பாப்பா."